தோற்றவன் கையில் ஒரு சிம்மாசனம்

எட்டுப் பேர் உட்காரும் ஆட்டத்தில் ஏழு பேர் தோற்றே ஆக வேண்டும். ஆனாலும் இந்த ஆட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்களைப் பாருங்கள்: எந்த மாதம் எந்த மந்திரம் கைக்கு வந்தது, எந்தக் கோட்டை எப்படி விழுந்தது என்று எல்லாமே ஜெயித்தவர் கதை. மிச்சம் ஏழு பேர் எங்கே போனார்கள்? ஒருவன் இதோ இருக்கிறேன். கைலாசா நாட்டின் முன்னாள் கடவுள், இந்நாள் வேலையில்லாதவன்.

ஆட்டத்தின் பெயர் டொமினியன்ஸ். சுவீடன்காரர்களான யோஹான் கார்ல்சன், கிறிஸ்டோஃபர் ஆஸ்டர்மன் என்ற இருவர், இல்விண்டர் என்ற பெயரில் இருபது வருடத்துக்கும் மேலாக இதையே இழைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஐந்தாம் பதிப்பு 2017இல் வந்தது, ஆறாவது 2024இல். எங்கள் கூட்டம் இன்னும் ஐந்தைவிட்டு நகரவில்லை. பார்க்க அழகான ஆட்டம் இல்லை. பொடிப்பொடி உருவங்கள், அழுது வடியும் நிறங்கள், திரை முழுக்க எண்கள். "இதையா ராத்திரி கண் முழிச்சு ஆடுறீங்க?" என்று வீட்டில் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

கதை இதுதான். உலகை ஆண்ட பழைய பெருங்கடவுள் காணாமல் போய்விட்டார். நாற்காலி காலி. ஆளுக்கொரு நாட்டை வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு போலிக் கடவுளை வடிவமைத்து, அந்த இடத்துக்குப் போட்டி போடுகிறோம். நெருப்பு, காற்று, நீர், மண், விண், மரணம், இயற்கை, ரத்தம் என்று மந்திரத்துக்கு எட்டு வழிகள். நாடுகளை உலகத்துப் புராணங்களில் இருந்தெல்லாம் அள்ளி வந்திருக்கிறார்கள். வடதேசத்துப் பனி அரக்கர்களுக்கு நீஃபெல்ஹெய்ம், ஆஸ்டெக் மக்களின் பாதாளத்திலிருந்து மிக்ட்லான், எபிரேய மரபிலிருந்து ஹின்னோம். நம் பக்கத்துக் கணக்கில் யட்சர்களும் கந்தர்வர்களும் உலவும் கைலாசா, ராட்சசர்களின் லங்கா. இந்த லங்காவில் ஒரு வேடிக்கை: அங்கே வானரங்கள் ராட்சசர்களின் குடிமக்கள், அவர்கள் படையில்தான் சண்டை போடுகிறார்கள். கம்பரிடம் காட்டினால் என்ன சொல்வாரோ தெரியாது. எனக்குப் பிடித்திருந்தது. ராமன் வராமலே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரோ சுவீடனில் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள் அல்லவா.

நான் எடுத்தது கைலாசா. தெற்கே லங்கா, வடக்கே நீஃபெல்ஹெய்ம், கிழக்கே சௌரொமேஷியா. மற்ற நால்வர் தூரத்தில். அவர்களில் ஒருவர் கடலுக்கடியில் இருந்தார், அவரை யாரும் தொந்தரவு செய்யவில்லை. கடலுக்குள் இறங்கத் தனிப் படையும் தனிச் சாமானும் வேண்டும், அவ்வளவு செலவு செய்து மீன் பிடிக்க யாருக்கும் மனசு இல்லை.

ஆடாதவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இது சதுரங்கம் மாதிரி மாறி மாறி நகர்த்துவது இல்லை. எல்லாரும் தங்கள் உத்தரவுகளை ரகசியமாக எழுதி அனுப்ப வேண்டும். கெடு முடிந்ததும் கணினி எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் நடத்திவிட்டு, ஒரு மாதம் கழிந்தது என்று சொல்லும். அதுதான் ஒரு டர்ன். சண்டைக்குள் நீங்கள் தலையிடவே முடியாது. ஒவ்வொரு தளபதிக்கும் முதல் ஐந்து சுற்றுக்கு என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்கலாம். ஆறாவது சுற்றிலிருந்து அவரவர் புத்தி. மந்திரவாதிகளுக்கு அந்தப் புத்தி எவ்வளவு என்பது ஆடியவர்களுக்குத் தெரியும். எதிரி நெஞ்சுக்கு நேரே வந்து நிற்கும்போது, யாருக்கும் பயன்படாத ஒரு மந்திரத்தை முழு மரியாதையோடு ஓதிக்கொண்டிருப்பார்.

அதனால் தோல்வியும் பதிவாகத்தான் வரும். காலையில் எழுந்து கோப்பைத் திறந்தால், இன்ன மாகாணத்தில் சண்டை நடந்தது என்று ஒரு வரி. முடிவு ஏற்கெனவே ஆகிவிட்டது. பார்ப்பதும் பார்க்காததும் நம் இஷ்டம். ஜெயித்த சண்டையை நான் பல் தேய்த்துக்கொண்டே பார்ப்பேன். தோற்ற சண்டையைக் கதவைச் சாத்திக்கொண்டு, நிறுத்தி நிறுத்தி, எந்த இடத்தில் அணி உடைந்தது என்று பார்ப்பேன். இரண்டாவது ரகத்தில்தான் ஆட்டம் தெரியும்.

நீஃபெல்ஹெய்ம் முதலில் வந்தது. அவர்களோடு எனக்கு ஒப்பந்தம் எதுவும் இல்லை, ஆகவே முறையிடவும் ஒன்றுமில்லை. அந்த அரக்கர்கள் நிற்கும் இடத்தில் சுற்றியிருப்பவன் குளிரில் விறைத்துப் போவான். என் படையில் பாதி மர்கடர்கள்: பொடிக் குரங்குகள், கூலி மலிவு, துணிவு அதைவிட மலிவு. ஆனால் மூளை கொஞ்சம் வேலை செய்தால் அரக்கர்களைத் தடுக்கலாம். அவர்கள் எண்ணிக்கையில் குறைவு, ஒருவன் விழுந்தால் கஜானாவில் பெரிய ஓட்டை. ஒரு வருடம், அதாவது ஆட்டத்துக் கணக்கில் ஒரு வருடம், மலைப்பாதையில் அவர்களை நகரவிடாமல் பிடித்துவைத்தேன். பெருமையாகத்தான் சொல்கிறேன்.

அப்போதுதான் லங்காவிடமிருந்து கடிதம் வந்தது. எங்களுக்குள் தாக்காமை ஒப்பந்தம் இருந்தது. முறிப்பதானால் மூன்று டர்ன் முன்பே சொல்ல வேண்டும் என்று விதி. இந்த மாதிரி ஒப்பந்தம் இந்த ஆட்டத்தில் சகஜம், கிட்டத்தட்ட எல்லா எல்லையிலும் ஒன்று இருக்கும். அவர் சொன்னார். மரியாதையாக, காரணத்தோடு சொன்னார். உன் படை முழுவதும் வடக்கே நிற்கிறது, நான் உன்னைத் தாக்காவிட்டால் உன் நிலம் முழுவதும் அரக்கர்களுக்குப் போகும், அது எனக்கு நல்லதல்ல என்று. ஒரு வார்த்தைகூட மறுக்க முடியவில்லை.

இதைத்தான் நான் பல நாள் யோசித்தேன். இருவர் ஆடும் ஆட்டத்தில் தோற்றால், எதிரி நம்மைவிட நன்றாக ஆடினான் என்று எழுந்து போய்விடலாம். பலர் ஆடும் இடத்தில் அப்படி இல்லை. திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று அடுத்தடுத்து மூன்று அதிகாரம் இருக்கிறது. எடை போட வேண்டியவற்றில் துணைக்கு வருகிறவனின் வலிமையையும் சேர்த்தே வள்ளுவர் சொல்லியிருக்கிறார். எனக்குத் துணை சௌரொமேஷியா என்றுதான் நினைப்பு. விஷ அம்பு வில்லாளிகளும் பல தலை ஹைட்ராக்களும் இருக்கும் நாடு. வாரத்துக்கு இரண்டு கடிதம் வரும். அத்தனை அன்பு, அத்தனை அனுதாபம், லங்காவின் பேராசை பற்றி அத்தனை கோபம். ஒரு வில்லாளி வரவில்லை.

ஆக, நான் எப்படி ஆடினேன் என்பதைவிட, இரண்டு பேருக்கு ஒரே சமயத்தில் நான் தோதான உணவாகத் தெரிந்தேன் என்பதுதான் காரணம். யாருடைய நாடு எவ்வளவு பெரியது, வருமானம் எவ்வளவு, ஆராய்ச்சி எங்கே இருக்கிறது என்று கோடு போட்டுக் காட்டும் பக்கம் ஒன்று ஆட்டத்திலேயே உண்டு. எங்கள் ஆட்டத்தில் அதை எல்லாரும் பார்க்கலாம். என் படைக்கோடு வடக்குப் போரில் கீழே சரிவதை லங்கா பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஜெயிப்பது எப்படி என்று எழுதப்படும் குறிப்புகளில் பாதிக்கு மேல் போர்க்கள வித்தைகள். கடிதங்களை எப்போது படிப்பது, எப்போது நம்பாமல் இருப்பது என்பதற்கு யாரும் குறிப்பு எழுதுவதில்லை.

தெற்கு எல்லைச் சண்டையைச் சொல்லாமல் விட முடியாது. மந்திரவாதிகளை நடுவில் வைத்து, முன்னால் வானரங்கள், ஓரத்தில் மர்கடர்கள். எழுதிக் கொடுத்த ஐந்து சுற்றும் அச்சுப் பிசகாமல் நடந்தன. ஆறாவதில் மர்கடர்கள் ஓட ஆரம்பித்தார்கள். அவர்கள் ஓடுவார்கள் என்று தெரியும், அதற்குத்தான் ஓரத்தில் வைத்தது. ஆனால் இந்த ஆட்டத்தில் ஓடுகிறவன் பக்கத்தில் இருக்கும் நம் மாகாணத்துக்குத்தான் ஓட முடியும். அப்படி ஒன்று இல்லையென்றால் ஓடியவர்கள் எல்லாரும் செத்ததாகக் கணக்கு. அதே மாதம் லங்காவின் சிறு படைகள் பின்னால் இருந்த என் மாகாணங்களை ஒவ்வொன்றாக எடுத்திருந்தன. மிச்சம் ஒரே ஒரு மாகாணம், அதில் போய்ச் சேர்ந்தவர்கள் சிலர். அவர்களில் ஒரு யட்சிணி, ஒரு கண் போய், போரைக் கண்டாலே நடுங்கும் குறையோடு வந்தாள். உயிர் பிழைத்தவர்களுக்கு இப்படி நிரந்தர ஊனம் தருவது டொமினியன்ஸின் பழக்கம். வெண்ணிப் போரில் முதுகில் புண்பட்ட பெருஞ்சேரலாதன் நாணி வடக்கிருந்தான் என்று புறநானூற்றில் இருக்கிறது. இங்கே அந்த வசதி கிடையாது. ஒற்றைக் கண்ணோடும் நடுக்கத்தோடும் அடுத்த மாதமும் வேலைக்கு வர வேண்டும்.

எனக்கும் அதே நிலைதான். தோற்றுவிட்டேன் என்பது தெரிந்த பிறகும் ஆட்டம் என்னை விடவில்லை. பந்தியில் சாப்பிட்டு முடித்தவன், பக்கத்து இலைக்காரர்கள் இன்னும் பாயசத்தில் இருக்கும்போது எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருப்பானே, அப்படி. எழுந்து போகலாம், வழி இருக்கிறது. நாட்டைக் கணினியிடம் ஒப்படைத்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் கணினி ஆடும் நாடு பக்கத்து வீட்டுக்காரனுக்கு இலவச நிலம். என் கோட்டைகளை யார் முதலில் எட்டுகிறாரோ அவர் ஒரே வருடத்தில் இரண்டு மடங்காகிவிடுவார், தூரத்தில் மாதக்கணக்காகப் பாடுபட்டவர்கள் கதை முடிந்துவிடும். உத்தரவே அனுப்பாமல் டர்னைத் தவறவிடுவது அதைவிட மோசம். ஆகவே நல்ல கூட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு: ஆட முடியவில்லையா, மாற்று ஆளைத் தேடிக் கொடுத்துவிட்டுப் போ. சாகும் நாட்டுக்கு எந்த மாற்று ஆள் வருவான்? நானே இருந்தேன்.

இருந்ததில் ஒரு ஆச்சரியம். என் மதிப்பு ஏறிக்கொண்டே போனது. என்னிடம் ஒரு சிம்மாசன மாகாணம் இருந்தது. இந்த ஆட்டத்தில் ஜெயிக்க எல்லாரையும் கொல்ல வேண்டியதில்லை. வரைபடத்தில் அங்கங்கே சிம்மாசனங்கள் இருக்கும். கைப்பற்றி, மூத்த பூசாரியோ தீர்க்கதரிசியோ கடவுளோ வந்து உரிமை கொண்டாட வேண்டும். போதுமானவை சேர்ந்தால் ஆட்டம் முடிந்தது. லங்காவுக்கு இன்னும் ஒன்றுதான் தேவை, அது என்னிடம் இருந்தது.

நாடு முழுதாக இருந்தபோது கண்டுகொள்ளாதவர்கள் எல்லாம் கடிதம் போட்டார்கள். லங்கா, அமைதியாகக் கொடுத்தால் தலைநகரை விட்டுவிடுகிறேன் என்றார். தலைநகரை முற்றுகையிட்டிருந்த நீஃபெல்ஹெய்ம், லங்காவிடம் மட்டும் போகவிடாதே என்றார். சௌரொமேஷியா நான்கு பத்திக்கு அனுதாபம் எழுதி ஐந்தாவதில், மந்திர மணிகள் மிச்சம் இருந்தால் அனுப்பி வைக்கச் சொன்னார். அந்த ஐந்தாவது பத்தியை நான் ரசித்தேன் என்றே சொல்ல வேண்டும்.

என்னை இந்த ஆட்டத்துக்குள் இழுத்துவிட்ட கல்லூரி நண்பனுக்குப் போன் போட்டேன். அவன் இந்த ஆட்டத்தில் இல்லை, அதனால் கேட்கலாம்.

"மச்சான், உன்னை முதல்ல அடிச்சது யாரு?"

"நீஃபெல்."

"அப்ப அவனுக்கு ஒண்ணும் குடுக்காதடா. கடைசி வரைக்கும் அவனைக் கடிச்சுக்கிட்டே சாவு. அடுத்த ஆட்டத்துல உன் பக்கம் எவனும் வர மாட்டான்."

இது வெறும் கோபம் இல்லை. பல காலம் ஆடியவர்கள் இதை ஒரு கொள்கையாகவே வைத்திருக்கிறார்கள். தன்னை முதலில் தாக்கியவனை ஜெயிக்கவிடமாட்டான் என்று பெயர் எடுத்தவனை, அடுத்த முறை கணக்குப் போடுகிறவன் தவிர்ப்பான். 1959இல் ஆலன் கால்ஹாமர் வெளியிட்ட டிப்ளமசி என்ற பலகை விளையாட்டிலும் இதே பேச்சுதான்: ஏழு வல்லரசுகள், ரகசிய உத்தரவு, ஒரே நேரத்தில் நகர்வு, சாகிறவன் யாரைத் தூக்கிவிட்டுச் சாவது என்ற கேள்வி. அறுபது வருடத்துக்கும் மேலாகத் தீராத வழக்கு. இந்தத் தலைவலியே வேண்டாம் என்றுதான் டொமினியன்ஸ் ஆடுகிறவர்கள் வேறொரு வகை கண்டுபிடித்தார்கள்: நாடு குலுக்கல் முறையில், ஆள் யாரென்று தெரியாது, கடிதமும் கிடையாது. சுத்தமான போர். ஆடியிருக்கிறேன். எனக்கு ருசிக்கவில்லை. கடிதம் இல்லாத டொமினியன்ஸில் கணக்கு மட்டும்தான் மிஞ்சுகிறது.

நண்பன் சொன்னது சரியாக இருக்கலாம், ஆனால் நான் ஒப்புக்கொள்ளவில்லை. பழியை அடுத்த ஆட்டத்துக்குச் சுமந்து போனால், ஒவ்வொரு ஆட்டமும் முந்தைய ஆட்டத்தின் பாக்கி வசூலாகிவிடும். இந்த ஆட்டத்துக்குள் பழி வாங்கலாம், அதில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை. யாரைப் பழி வாங்குவது என்பதுதான் சிக்கல். முன்னறிவிப்புக் கொடுத்து நேர்மையாக முதுகில் குத்தியவரையா, சொல்லாமல் நேரே வந்தவரையா, கட்டிப்பிடித்துக்கொண்டே வேடிக்கை பார்த்தவரையா? மனசுக்குள் வரிசை போட்டால் சௌரொமேஷியாதான் முதலில் வந்தது. ஆனால் அவரை எட்டிப் பிடிக்க என்னிடம் படை இல்லை.

கடைசியில் தீர்மானித்தது தூரத்து நால்வரை நினைத்துத்தான். லங்கா எடுத்தால் அதோடு ஆட்டம் முடிந்தது. நீஃபெல்ஹெய்ம் எடுத்தால் இன்னும் ஓடும். என்னை முற்றுகையிட்டிருப்பவருக்கே கடிதம் எழுதினேன்: இந்த மாதம் சிம்மாசனத்திலிருந்து படையை விலக்குகிறேன், வந்து எடுத்துக்கொள். லங்காவுக்கும் எழுதினேன். அதே மாதம், அதே வாக்கியம்.

ஆமாம், இருவருக்கும்தான். இதில் பொய் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள், கிடைக்காது. விலகுகிறேன் என்றேன், விலகினேன்.

மூன்று ஆட்டத்து வருடங்களில் நான் பார்த்த மிகச் சிறந்த சண்டை அது, அதில் என் ஆள் ஒருவன்கூட இல்லை. ஒற்றன் ஒருவனை மட்டும் மாகாணத்தில் ஒளித்து வைத்திருந்தேன். ஒற்றன் இருந்தால் சண்டையைப் பார்க்கலாம். அதுவரை ஒருவரை ஒருவர் தொடாமல் என்னை மட்டும் பங்கு போட்டுக்கொண்டிருந்த இருவரும் நேருக்கு நேர் வந்து நின்றார்கள். இரண்டு பக்கமும் எனக்காக எழுதிய உத்தரவுகள். என் மர்கடர்களைக் கொல்லத் தயாராக வந்த ராட்சசர்கள் எதிரே மலை மலையாக அரக்கர்கள். குளிரில் ராட்சசர்கள் விறைத்தார்கள், பின்னால் நின்ற லங்காவின் மந்திரவாதிகள் ஐந்து சுற்று முடிந்ததும் ஆளாளுக்கு எதையோ ஓத ஆரம்பித்தார்கள். இருபக்கமும் கொட்டித் தீர்த்த பிறகு நீஃபெல்ஹெய்மில் விரல் விட்டு எண்ணும் அளவுக்குப் பேர் நின்றார்கள். அந்தப் பதிவை எத்தனை முறை ஓட்டினேன் என்று கேட்காதீர்கள்.

லங்காவிடமிருந்து ஒரே வரி வந்தது, நன்றாகச் செய்தாய் என்று. நீஃபெல்ஹெய்ம் இரண்டு பக்கத்துக்குத் திட்டினார்.

அதற்கு அடுத்த சில மாதங்களில் என் கடவுள் விழித்தார். ஆரம்பத்தில் கடவுளை வடிவமைக்கும்போது, அவர் உடனே வருவாரா, ஓராண்டு தூங்குவாரா, மூன்றாண்டு வாக்கில் சிறையிலிருந்து வருவாரா என்று தேர்ந்தெடுக்க வேண்டும். நேரம் ஆக ஆகக் கூடுதல் புள்ளிகள். நான் சிறையைத் தேர்ந்திருந்தேன், அந்தப் புள்ளிகளில் நாட்டுக்கு வளமும் வீரர்களுக்கு நல்ல அருளும் கிடைத்தன. அவர் வந்த மாதம் அவருக்கு இருந்தது ஒரு கோட்டை, வெளியே பனி, சுற்றிலும் அரக்கர்கள். கடவுளின் பலமே அவர் செல்வாக்கைப் பொறுத்தது. மாகாணத்தில் வெள்ளை மெழுகுவர்த்திகள் இருந்தால் நம்முடையது, கறுப்பு என்றால் அடுத்தவருடையது. என் தலைநகரிலேயே மெழுகுவர்த்திகள் கறுத்துப்போயிருந்தன. மிச்சமிருந்த மணிகளையெல்லாம் போட்டு கந்தர்வர்களை அழைத்தேன், ஒற்றைக்கண் யட்சிணியையும் சேர்த்துக்கொண்டேன், கடவுளை முன்னால் நிறுத்திக் கோட்டைக் கதவைத் திறந்தேன். சௌரொமேஷியாவுக்கு ஒரு மணிகூட அனுப்பவில்லை. கடவுள் இரண்டு அரக்கர்களை வீழ்த்தினார். பிறகு விழுந்தார். யட்சிணி இந்த முறை ஓடவில்லை, ஓட இடமும் இல்லை.

ஆட்டம் அதற்குப் பிறகும் வெகுநாள் ஓடியது. ஜெயித்தது லங்காதான். கடைசிச் சிம்மாசனத்தை சௌரொமேஷியாவிடமிருந்து எடுத்தார் என்று கேள்விப்பட்டபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை இங்கே விவரிக்கப் போவதில்லை. ஆக, என்னுடைய தந்திரத்தால் முடிவு மாறவில்லை, தள்ளிப்போனது. ஆனால் அந்த இடைவெளியில் கடலடிக்காரர் கரையேறி ஒரு பெரிய போரை நடத்தினார், தூரத்தில் இருந்த மிக்ட்லானும் ஹின்னோமும் அடித்துக்கொண்டார்கள். அந்த மாதங்கள் நடந்ததே என்னால்தான் என்று கொஞ்சம் உரிமை கொண்டாடிக்கொள்கிறேன்.

அடுத்த ஆட்டத்துக்கு ஆள் சேர்க்கிறார்கள். ஒப்பந்தங்களை மீறவே கூடாது என்று விதி வைப்பதா, மீறுவது அவரவர் பாடு என்று விடுவதா என்று ஓட்டெடுப்பு நடந்தது. மீறக் கூடாது என்ற பக்கம் நான் போட்டேன். மூன்று டர்ன் அறிவிப்பை ஒரு நாள் பிசகாமல் கொடுத்த லங்காக்காரர், அவரவர் பாடு என்று போட்டிருக்கிறார்.